240இசட்டுக்கு டர்போ இன்ஜின்: முதலில் பாடி, கடைசியில் இன்ஜின்

கேள்வி இதுதான்: 1972 டாட்சன் 240இசட், அமெரிக்கச் சந்தைக்கு வந்த இடது ஸ்டியரிங் கார். எல்24 இன்ஜின் தேய்ந்துவிட்டது. 300 ஹெச்பி அளவில் டர்போ இன்ஜின் ஒன்று ஏற்ற வேண்டும். ஸ்கைலைன் ஆர்33-இன் ஆர்பி25டிஇடி நல்லதா, 280இசட்எக்ஸ் டர்போவின் எல்28இடி போதுமா? பாடி அந்த இழுப்பைத் தாங்க என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் சாலையில் ஓடும், எப்போதாவது டிராக்.

நேரடியாகச் சொல்கிறேன். 300 ஹெச்பிதான் இலக்கு என்றால் ஆர்பி25டிஇடி. 220–250 போதும் என்றால் எல்28இடி. செலவும் வேலையும் பாதியாகும். ஆனால் இந்தக் காரில் இன்ஜின் தேர்வு சுலபமான பகுதி. துரு, பாடி விறைப்பு, டிஃப்பும் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) ஆக்ஸிலும், பிரேக், பெட்ரோல்–வயரிங், அதன் பிறகு இன்ஜின் என்ற வரிசையில் போங்கள். இன்ஜினை முதலில் வாங்கி போனட்டுக்கு அடியில் உட்காரவைத்தவர்கள், அதைத் திரும்ப வெளியே எடுத்துத்தான் ரெயிலை (பாடியின் அடியில் நீளவாக்கில் ஓடும் விறைப்புச் சட்டத்தை) வெல்டு செய்ய வேண்டியிருக்கும்.

காரணம் எஸ்30 (240இசட்டின் தொழிற்சாலைக் குறியீடு) பாடி கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. இதற்குத் தனி ஃபிரேம் இல்லை. முன்பக்க ரெயில்கள் இரண்டும் ரேடியேட்டர் சப்போர்ட்டில் தொடங்கி, இன்ஜின் பே வழியாக வந்து, ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) கீழே இறங்கி, தரைத் தகட்டின் அடியில் ஏறத்தாழ 1 மி.மீ. தகட்டில் மடித்த தொப்பி வடிவமாக ஓடுகின்றன. சீட்டுக்கு அடியில் அவை முடிந்துவிடும். பின் ரெயில்கள் வேறு இடத்தில் புதிதாகத் தொடங்குகின்றன. நடுவில் இருப்பது தரைத் தகடு, டனல் (கியர்பாக்ஸும் ஷாஃப்டும் போகும் நடு மேடு), இரண்டு சில் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ ஓரம்) மட்டுமே. பின்னால் பெரிய ஹேட்ச் திறப்பு. சீட்டுக்குப் பின்னே முழுத் தடுப்புச் சுவரும் கிடையாது. சுமார் 1,050 கிலோ எடையும் 175 அகல டயரும் கொண்ட காருக்கு இது போதுமானதாக இருந்தது. எல்24 கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 151 ஹெச்பி பழைய 'கிராஸ்' (gross) கணக்கு, அதாவது துணைக் கருவிகள் இல்லாமல் இன்ஜினை மட்டும் அளந்தது. நிஜத்தில் அதைவிடக் குறைவு. ஆர்பி25டிஇடியின் டார்க் (சுழற்றும் விசை) மட்டும் 30 கிலோகிராம்–மீட்டர். அதைவிட முக்கியமாக, அந்த இன்ஜினோடு சேர்த்து நீங்கள் போடப்போகும் 225 டயரும் விறைப்பான ஸ்பிரிங்கும் பெரிய பிரேக்கும்தான் பாடியை அதிகம் முறுக்கும். நேர்கோட்டில் போகும்போது இன்ஜின் தரும் முறுக்கைவிட, மேடுபள்ளமான வளைவில் ஒட்டிப் பிடிக்கும் டயர் தரும் முறுக்கு பெரியது.

துருவை முதலில் பாருங்கள். பெயின்ட்டை நம்பாமல் கூர் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். பேட்டரி ட்ரே வலப்பக்கம் ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. அதிலிருந்து வழிந்த ஆசிட் அடியிலுள்ள ரெயிலை உள்ளிருந்து தின்றிருக்கும். வெளியே தகடு முழுசாகத் தெரியும், சுத்தியலால் தட்டினால் மந்தமான ஒலி வரும். அடுத்து தரைத் தகட்டின் முன் மூலைகள், கதவுக்குப் பின்னால் சில் மேலேறும் இடம், பின் வீல் ஆர்ச்சின் உள் உதடு, ஹேட்ச் பூட்டு இருக்கும் பின் பேனல், விண்ட்ஷீல்டுக்குக் கீழே தண்ணீர் வடியும் பெட்டி. தரையில் ஒட்டியிருக்கும் தார்ப் பாயை ஹீட் கன்னால் உரிக்காதீர்கள், பிசுபிசுவென்று இழுத்துக்கொண்டு வரும். ஐந்தாறு கிலோ டிரை ஐஸ் பரப்பிப் பதினைந்து நிமிடம் விட்டுத் தட்டினால் கண்ணாடிபோல் உடைந்து வந்துவிடும். கதவைத் திறந்து வைத்துக் கையுறையோடு செய்யுங்கள். மூடிய இடத்தில் அந்த வாயு மூச்சை அடைக்கும்.

வெல்டிங் தொடங்குமுன் காரை நேராக நிறுத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. நடுவில் ஜாக் ஸ்டாண்டு வைத்தால் முன்னும் பின்னும் தொங்கி, அந்த வளைவோடு பாடி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களுக்கு அருகில் நான்கு மூலையிலும் தாங்குங்கள். கதவுகள் மாட்டியே இருக்கட்டும். கதவு இடைவெளியை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். முன் கிராஸ்மெம்பர் போல்ட் துளையிலிருந்து எதிர்ப்பக்கப் பின் சஸ்பென்ஷன் துளைவரை இரண்டு குறுக்கு அளவையும் எடுங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கார் எப்போதோ அடிபட்டிருக்கிறது. அதை இழுத்து நேராக்காமல் விறைப்பாக்குவது கோணலைக் கெட்டிப்படுத்துவதாகும். பெட்ரோல் டாங்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் டார்ச்சைத் தொட வேண்டும்.

முக்கியமான வேலை ரெயில். 2 மி.மீ. மைல்டு ஸ்டீலில், பழைய ரெயிலைவிடச் சற்று அகலமாக ஒரு தொப்பி வடிவம் மடித்து, பழையதன் மேல் கவிழ்த்து, அதைச் சீட்டுக்கு அடியில் நிறுத்தாமல் பின் ரெயில் தொடங்கும் இடம்வரை நீட்டுங்கள். முன்னும் பின்னும் இப்படி இணைவதுதான் இந்தக் காருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. பழைய ரெயில் துருப்பிடித்திருந்தால் மூடாதீர்கள், வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். புதிய ரெயிலின் விளிம்பில் 8 மி.மீ. துளைகளை 40–50 மி.மீ. இடைவெளியில் போட்டுப் பிளக் வெல்டு. ஓரத்தில் 25 மி.மீ. வெல்டு, 50 மி.மீ. விடுப்பு என்று தையல் போடுவதுபோல் ஓட வேண்டும். ஒட்டும் இரு பரப்பிலும் வெல்டு தாங்கும் ஜிங்க் பிரைமர். 0.6 மி.மீ. கம்பியுள்ள மிக் வெல்டிங் மெஷின் போதும். ஆர்க்கைத் தடித்த தகட்டில் வைத்து மெல்லியதன் மேல் வழிய விடுங்கள், இல்லையேல் பழைய 1 மி.மீ. ஓட்டையாகும். ஒரே பக்கம் தொடர்ந்து போகாமல் இடம், வலம், முன், பின் என மாறிமாறிப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கதவு இடைவெளியைத் திரும்ப அளக்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு விஷயம் உண்டு. தடித்த தகடு முடியும் இடத்தில் அதைக் குறுக்கே நேராக வெட்டிவிடுவார்கள். அதுவரை விறைப்பு, அதற்கு அடுத்த மில்லிமீட்டரில் மெல்லிய தகடு. மொத்த அசைவும் அந்த ஒரு கோட்டில் சேர்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் வெல்டின் ஓரமாக மயிரிழை விரிசல் வரும். முனையை மீன்வாய்போல் 'வி' வடிவில் வெட்டி, விசை படிப்படியாகக் கைமாற விடுங்கள். சைலன்சர் பாதையையும் இப்போதே யோசியுங்கள்: 76 மி.மீ. குழாய் டனலுக்கும் ரெயிலுக்கும் நடுவே போக வேண்டும், அசைய இரு பக்கமும் 12 மி.மீ.யாவது இடம் வேண்டும்.

அடுத்து, முன் சக்கரத்தின் கீழ்க் கையை ரெயிலோடு பிணைக்கும் டென்ஷன் ராடு வந்து பொருந்தும் கிண்ணங்கள். பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்தின் முழு இழுப்பும் அங்கேதான் வந்து சேருகிறது. பழைய கார்களில் கிண்ணத்தைச் சுற்றி விரிசல் சாதாரணம். பழைய வெல்டைக் கிரைண்டரால் திறந்து, விரிசலின் முனையில் 3 மி.மீ. துளையிட்டு நிறுத்தி, வெல்டு செய்து, 3 மி.மீ. தகட்டில் பெட்டிபோல் மூடி ரெயிலோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு ராடுக்கும் முன்னும் பின்னும் பாலியூரித்தேன் புஷ் போடாதீர்கள். ராடு மேலும் கீழும் ஆட இடமில்லாமல் கழுத்தில் முறிந்துவிடும். பின்பக்கம் ரப்பரே இருக்கட்டும், அல்லது ரோஸ் ஜாயின்ட் வையுங்கள்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மேலே பொருந்தும் ஸ்ட்ரட் டவர்களின் தலைகளை மட்டும் இணைக்கும் ஒற்றைக் குழாயால் பாதிப் பயன்தான். டவர் உள்நோக்கி மட்டுமல்ல, முன்பின்னாகவும் ஆடும். ஃபயர்வாலின் மேல் மூலைக்கு இரண்டு குழாய் போட்டு முக்கோணமாக்குங்கள். முனைகளில் பந்து மூட்டு உள்ள பாரைத் தவிர்த்துவிடுங்கள், அது இழுப்பையும் தள்ளலையும் தாங்கும், வளைவைத் தாங்காது. பின் டவர்களுக்கு இடையில் ஒரு குழாய், அதிலிருந்து தரைக்குக் கோணலாக ஒன்று. டிராக்குக்குப் போவதால் பாதி ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூடு) போடலாம்: மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னுள்ள முக்கிய வளைவு) 45×2.5 மி.மீ., மற்றவைக்கு 38×2.5 மி.மீ., தையலற்ற கார்பன் ஸ்டீல் குழாய். அடித்தகடு 3 மி.மீ., சில்லின் இரண்டு முகத்திலும் மடிந்து பிடிக்கட்டும். தினமும் ஓட்டும் காரில் முன் கால்கள் வரும் முழு ரோல் கேஜ் வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்தக் குழாய் ஆபத்து. சில்லுக்குள் ஃபோம் ஊற்றும் பழக்கத்தையும் கைவிடுங்கள். தண்ணீரைப் பிடித்துவைத்து உள்ளிருந்து அழுகவைக்கும், பின்னால் யாராவது வெல்டு செய்தால் எரியும்.

எவ்வளவு விறைப்பானது என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். பின் ஸ்ட்ரட் டவர்களைத் தரையோடு இறுக்கிப் பிடியுங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரு முனையில் நிற்கவைத்து, குறுக்கே ஒரு பீம் கட்டி, மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி 50 கிலோ தொங்கவிட்டால் 490 நியூட்டன் மீட்டர். டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இரு பக்க ரெயிலிலும் வையுங்கள். உதாரணமாக, 1,200 மி.மீ. அகலத்தில் ஒரு பக்கம் 1 மி.மீ. ஏறி மறுபக்கம் 1 மி.மீ. இறங்கினால் கோணம் 0.095 டிகிரி; அப்படியென்றால் டிகிரிக்கு ஏறத்தாழ 5,100 நியூட்டன் மீட்டர். பின்பக்கம் பிடிமானம் நெகிழ்ந்தால் அந்தக் கோணத்தையும் அளந்து கழிக்க வேண்டும். அந்த எண்ணைவிட, டயல் கேஜை சில் நெடுக 200 மி.மீ.க்கு ஒருமுறை நகர்த்தி வரைபடம் போடுவது அதிகம் உதவும். கோடு எங்கே திடீரென மடங்குகிறதோ அங்கேதான் பலவீனம். ரெயில் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் எடுங்கள்.

இப்போது இன்ஜின். எல்28இடி 1981 முதல் 1983 வரை 280இசட்எக்ஸ் டர்போவில் வந்தது: 2,753 சிசி, கம்ப்ரஷன் 7.4, 180 ஹெச்பி. உங்கள் எல்24-இன் குடும்பம்தான். அதே மவுன்ட், அதே கியர்பாக்ஸ் முகம், போனட்டுக்குள் எந்த வெட்டும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து இன்டர்கூலர் இல்லாமல் வந்தது. ஒன்றை வைத்து, பழைய ஃபிளாப் வகை ஏர்ஃப்ளோ மீட்டரைத் தூக்கிவிட்டுத் தனி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) போட்டால் 250 ஹெச்பிக்கு நம்பிக்கையாக ஓடும். குறை என்னவென்றால் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் இடப்பக்கமே இருக்கின்றன. டர்போவின் சூடு நேராக இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஏறும். நடுவே உலோகக் கேடயம் கட்டாயம். 40 வருட வயர் ஹார்னஸை அப்படியே மாற்றி வைக்காதீர்கள், இன்சுலேஷன் பிஸ்கட்போல் நொறுங்கும்.

ஆர்பி25டிஇடி 2,498 சிசி, இரட்டை கேம், 24 வால்வு, கம்ப்ரஷன் 9.0, ஆர்33-இல் 250 பிஎஸ் (மெட்ரிக் ஹெச்பி). டர்போ வலப்பக்கம் இருப்பதால் உங்கள் இடது ஸ்டியரிங் காரில் ஸ்டியரிங் ஷாஃப்டோடு மோதல் இல்லை. வலது ஸ்டியரிங் காரில் இந்த இடம்தான் தலைவலி. தொழிற்சாலை டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக். பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) 0.8 பாருக்கு மேல் ஏற்றினால் சக்கரம் ஷாஃப்டிலிருந்து கழன்று போகும். 300 ஹெச்பிக்கு அதை நம்ப வேண்டாம், ஸ்டீல் சக்கரமுள்ள டர்போ ஒன்றைத் தொடக்கத்திலேயே வையுங்கள். இன்னொரு பலவீனம் ஆயில் பம்ப். அதன் உள் கியர் கிராங்க் முனையிலுள்ள தட்டைப் பகுதியைப் பற்றி ஓடுகிறது, பற்றும் நீளம் குறைவு. ரெவ் லிமிட்டரில் அடித்துக்கொண்டே ஓட்டினால் கியர் வெடிக்கும், இன்ஜின் போகும். 7,000-இல் நிறுத்துங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், பின் மெயின் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாங்குமுன் ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஏற்றும்போது எல்24-இன் கிராஸ்மெம்பரிலேயே அடாப்டர் மவுன்ட் வைக்கலாம், கியர்பாக்ஸுக்குப் புதிய குறுக்குத் தாங்கி வேண்டும். சம்ப்புக்கும் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஸ்டியரிங் ராக்குக்கும் நடுவே 15 மி.மீ. விடுங்கள், ரப்பர் மவுன்ட்டில் இன்ஜின் ஆடும். மவுன்ட்டை முதலில் டேக் வெல்டு மட்டும் போட்டு, போனட்டை மூடி, கியர் லீவரை ஐந்து கியரிலும் அசைத்துப் பார்த்தபிறகே முழுதாக வெல்டு செய்யுங்கள். டனல் துளையின் பின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டிவரலாம். கியர்பாக்ஸ் வெளியீட்டுக் கோணமும் டிஃப் உள்ளீட்டுக் கோணமும் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இணையாக இருக்கட்டும். தவறினால் 90 கி.மீ. வேகத்தில் தரை நடுங்கும், அதை டயர் பேலன்ஸ் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். கிளட்சில் தள்ளும் வகை, இழுக்கும் வகை இரண்டும் ஆர்பி குடும்பத்தில் உண்டு. கவரும் ஃபோர்க்கும் ஒரே வகையா என்று பாருங்கள்.

பின்பக்கம்: 240இசட்டின் ஆர்180 டிஃப் இந்த டார்க்கைத் தாங்காது. 280இசட்டின் ஆர்200, அதோடு வரும் மீசை வடிவ பின் பார், முன் ஃபிளாஞ்ச் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். 1971 நடுவில் நிசான் டிஃப்பை 35 மி.மீ. பின்னே தள்ளியது. உங்களுடையது 1972 என்பதால் அந்த இடப் பொருத்தச் சிக்கல் இல்லை. விகிதம் 3.54 எடுங்கள். ஆர்பி கியர்பாக்ஸின் ஐந்தாவது 0.752, டயர் 225/50-15 என்றால் 100 கி.மீ.யில் சுமார் 2,330 ஆர்பிஎம். 3.9 போட்டால் 2,570-ஐத் தொடும், முதல் கியர் பயனற்றதாகிவிடும். டிஃப்பின் மூக்கைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் நிச்சயம் கிழியும்; மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் மவுன்ட்டாக மாற்றுங்கள். 240இசட்டின் ஸ்டப் ஆக்ஸில் (சக்கரத்தோடு சேரும் குட்டை அச்சு) 25 ஸ்ப்லைன் (பல் வரி), 280இசட்டினுடையது 27. பின்னதை எடுங்கள். அரை ஷாஃப்டுகளுக்கு 280இசட்எக்ஸ் டர்போவின் சிவி மூட்டுகளை அடாப்டரோடு பயன்படுத்தலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுதாக மேலேற்றி, மூட்டு உள்ளே போக இன்னும் 5 மி.மீ. மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமில்லை என்றால் முதல் பெரிய பள்ளத்தில் டிஃப் பேரிங் அடிவாங்கும். கீழ்க் கையைப் பிடிக்கும் ஸ்பிண்டில் பின் துருப்பிடித்து உறைந்திருக்கும். சுத்தியலால் அடித்தால் மரை காளான்போல் விரிந்துவிடும். அதற்கான இழுப்பான் உண்டு, அதுவும் முடியாவிட்டால் ஹைட்ராலிக் பிரஸ்.

பெட்ரோல் கணக்கு எளிது. டர்போ இன்ஜினுக்கு மணிக்கு ஒரு ஹெச்பிக்கு சுமார் 0.27 கிலோ, 300-க்கு சுமார் 81 கிலோ, அதாவது ஏறத்தாழ 110 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 306 சிசி. ஆர்33-இன் 370 சிசி இன்ஜெக்டர் 83 சதவீதத்தில் ஓடும். எல்லையில்தான் நிற்கிறது, ஆனால் போதும். அதற்கு மேல் ஆசை இருந்தால் இன்ஜெக்டரை மாற்றுங்கள். கார்புரேட்டர் காலத்து டாங்க்குக்குள் தடுப்பு போதாது. கால் டாங்க் பெட்ரோலோடு நீண்ட வளைவில் போனால் பம்ப் காற்றை உறிஞ்சும், பூஸ்டில் அந்த ஒரு நொடி பிஸ்டனை உருக்கப் போதும். எனவே குறைந்த அழுத்தப் பம்ப், 2 லிட்டர் சர்ஜ் டாங்க் (பெட்ரோலைச் சேர்த்துவைக்கும் சிறு இடைத் தொட்டி), பிறகு 255 லிட்டர் பம்ப், 8 மி.மீ. புதிய லைன் போக ஒன்று, திரும்ப ஒன்று. சர்ஜ் டாங்க் கேபினுக்குள் வேண்டாம்.

வயரிங்கில் இந்தக் காருக்கே உரிய ஒரு ஆபத்து அம்மீட்டர். காரின் கரன்ட் முழுக்க டாஷ்போர்டுக்குள் போய்த் திரும்புகிறது. ஆர்பியின் பெரிய ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரிக் ஃபேனும் சேர்ந்தால் அந்த வயர் உருகும். அம்மீட்டரைத் துண்டித்து வோல்ட்மீட்டர் வையுங்கள், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனி தடித்த வயர், ஃபியூஸோடு. பழைய வெளி ரெகுலேட்டரை நீக்குங்கள். ஹெட்லைட்டுக்கும் ரிலே வேண்டும். 240இசட்டின் டாக்கோமீட்டர் இக்னிஷன் வயரில் ஓடும் கரன்ட்டை உணர்ந்து வேலை செய்வது. காயில் பேக்கோடு பேசாது, மாற்றுச் சர்க்யூட் தேவை. ஸ்பீடோ கேபிள் வகை. ஆர்33 கியர்பாக்ஸ் மின்சிக்னல் தருவது.

பிரேக்குக்கு டொயோட்டா ஹைலக்ஸின் நான்கு பிஸ்டன் காலிப்பர் பழைய, நிரூபிக்கப்பட்ட வழி. அதோடு மாஸ்டர் சிலிண்டரை 7/8 அங்குலத்திலிருந்து 280இசட்எக்ஸின் 15/16-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெடல் நீளமாகப் போகும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றி, ஆயில் பிரஷர் ஏறும்வரை கிராங்க் செய்யுங்கள். டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல், எங்கும் மேலேறாமல், சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது தவறினால் சீல் நல்லதாக இருந்தாலும் புகை வரும், மக்கள் வீணாக டர்போவை மாற்றுவார்கள். பிளக் இடைவெளி 0.8 மி.மீ.; பூஸ்டில் இருமினால் அடுத்த சந்தேகம் காயில் பேக். முழு பூஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 11.8 வரை வைத்து டியூன் செய்யச் சொல்லுங்கள். முதல் 500 கி.மீ. முடிந்ததும் காரைத் தூக்கி, டிஃப் மவுன்ட், அரை ஷாஃப்ட், கிராஸ்மெம்பர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். ரெயில் முனைகளிலும் டென்ஷன் ராடு கிண்ணங்களிலும் விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் மேலே வெல்டு அப்பாமல், திறந்து அடியிலிருந்து செய்யுங்கள்.